பேருந்து ஓட்டுநரும் ஓய்வு நேரமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரத் தெருக்களில் மக்களை ஏற்றிச் சென்ற பெரிய வண்டிகளைக் குதிரைகளே இழுத்து வந்தன. ஒரு வண்டி காலை முதல் இரவு வரை ஓடவேண்டுமானால் அதற்குப் பத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் வேண்டியிருந்தன. இரண்டு குதிரைகளைப் பூட்டிச் சில மணி நேரம் ஓட்டுவார்கள். பிறகு அவற்றை அவிழ்த்துக் கொட்டிலில் கட்டிவிட்டு வேறு இரண்டைப் பூட்டுவார்கள். குதிரைக்கு ஓய்வு கொடாவிட்டால் அது நொண்டியாகிவிடும். முதல் போட்டவருக்கு இழப்பு நேரும். இது எல்லோரும் அறிந்திருந்த கணக்கு. ஆனால் வண்டியின் முன்புறத்தில் உயரே உட்கார்ந்து, மழையிலும் பனியிலும் கடிவாளம் பிடித்த மனிதர் மட்டும் மாறுவதில்லை. குதிரைகள் பல முறை மாறும். அவர் பதினான்கு, பதினைந்து மணி நேரம் அதே பலகையில் இருப்பார். 1891ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இலண்டன் வண்டியோட்டிகளும் நடத்துநர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது அவர்களுடைய முக்கியமான கோரிக்கை. ஒரு வார அளவில் நடந்த அப்போராட்டத்தின் முடிவில் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. பன்னிரண்டு மணி நேர வேலை பெரிய வெற்றியாகக் கொண்டாடப்பட்டது என்றால், முன்பு இருந்த நிலையை மாணவர்கள் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

பயணிகளின் உயிர் ஓட்டுநரின் கையில் இருக்கின்றது என்று நாம் வழக்கமாகச் சொல்லுகின்றோம். அது உண்மைதான். ஆனால் அந்தக் கை எத்தனை மணி நேரமாகச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றது, அதனை அங்கே வைத்தவர் யார் என்று கேட்பதற்குச் சட்டத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்தக் கேள்வி பிறந்து வளர்ந்த வரலாற்றையே இங்கே சொல்லப் புகுகின்றேன்.

குதிரைக்குப் பதிலாக என்ஜின் வந்தபோது களைப்பைப் பற்றிய பேச்சே எழவில்லை. என்ஜினுக்குக் களைப்பு ஏது? அது உடையும்; அவ்வளவுதான். உடைந்தால் என்ன ஆகும் என்பதை 1906ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் இங்கிலாந்து கண்டது. சசெக்ஸ் மாவட்டத்தில் ஹேண்ட்கிராஸ் என்னும் ஊரை அடுத்து நீண்ட இறக்கம் ஒன்று உண்டு. தன்னார்வத் தீயணைப்புப் படையினரும் அவர்களுடைய நண்பர்களும் 'வான்கார்டு' என்னும் பெயர் பூண்ட மோட்டார் பேருந்து ஒன்றில் ஏறிப் பிரைட்டன் கடற்கரைக்கு உல்லாசமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இறக்கத்தில் வண்டி வேகங்கொண்டது. பிரேக்கு அதனைத் தாங்கவில்லை. பற்சக்கரப் பெட்டி உடைந்தது. அடக்குவார் இன்றி ஓடிய வண்டி சாலையோரத்து மரத்தில் மோதியது. பத்துப் பேர் மாண்டார்கள்.

இறக்கத்தில் என்ன நேர்கின்றது என்பதைச் சிறிது விளக்கலாம். பிரேக்கு என்பது உராய்வு. ஓடும் வண்டியின் வேகத்தை அது வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுகின்றது. சமவெளியில் எப்போதோ ஒருமுறை மிதிக்கும்போது அந்த வெப்பம் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். மலையிறக்கத்தில் விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் ஆறுவதற்கு நேரமில்லை. பிரேக்கின் பிடிப்பு சிறுகச் சிறுகக் குறைந்து, கடைசியில் மிதிகட்டை வெறுமனே இறங்கும். ஆகையால் கைதேர்ந்த ஓட்டுநர் இறக்கம் தொடங்குமுன்பே கீழ்க் கியருக்கு வந்துவிடுவார். வண்டி என்ஜினைச் சுழற்ற, என்ஜின் வண்டியைப் பின்னுக்குப் பிடிக்கும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பாலபாடம். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து இறங்கும்போது என்ஜின் முனகுவதை நீங்கள் கேட்டிருக்கலாம். அந்த முனகல்தான் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றது. டீசல் மிச்சப்படும் என்று கியரை விலக்கிவிட்டு இறங்குகின்றவர், அந்தப் பிடியைத் தாமே அவிழ்த்துவிடுகின்றார்.

ஹேண்ட்கிராஸ் விபத்துக்குப் பின் விசாரணை நடத்துவது எளிதாக இருந்தது. உடைந்த இரும்பு சாலையிலேயே கிடந்தது. வண்டியின் அமைப்பைப் பற்றியும், அதை அனுப்பியவர்களின் கடமையைப் பற்றியும் கேள்வி கேட்க முடிந்தது. தூக்கம் அப்படிப்பட்டதன்று. கண்ணயர்ந்த ஓட்டுநரின் வண்டி புளியமரத்தில் மோதினால் அங்கே தூக்கத்தின் துண்டு ஏதும் கிடக்காது. 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்ற இரண்டு சொற்களோடு கோப்பு முடிந்துவிடும்.

நம் நாட்டுக்கு வருவோம். தமிழகத்தில் பேருந்துத் தொழில் தனி முதலாளிகளின் துணிவினால் வளர்ந்தது. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1912ஆம் ஆண்டிலேயே இத்தொழிலில் இறங்கினார். கோவை ஜி. டி. நாயுடு 1920ஆம் ஆண்டில் ஒரே ஒரு பேருந்தை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தாமே ஓட்டினார். பிற்காலத்தில் அவருடைய யூ. எம். எஸ். நிறுவனத்துக்குப் பல வண்டிகள் இருந்தன. இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நம் கதைக்கு முக்கியமானது. ஒரு வண்டியை உடையவரே ஓட்டும்போது, களைத்தால் அவரே நிறுத்துவார். நிறுத்துவதால் வரும் இழப்பும் அவருடையதே. வண்டிகள் பலவாகி, உடையவர் ஓரிடத்திலும் ஓட்டுபவர் வேறிடத்திலும் ஆனபின், களைப்பு ஒருவருடையதாகவும் வருமானம் மற்றொருவருடையதாகவும் பிரிந்துவிடுகின்றன.

அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது 1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வண்டிச் சட்டம். ஓட்டுநருக்கு உரிமம் வேண்டும், பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், முரட்டுத்தனமாக ஓட்டினால் தண்டனை, விபத்து நேர்ந்தால் வண்டியை நிறுத்த வேண்டும் என்று அது விதித்தது. யாவும் நல்ல விதிகளே. ஆயினும் எல்லாம் ஓட்டுநரை நோக்கியே விரல் நீட்டின. அவர் எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்பதைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. அந்த ஆண்டுகளில் சாலைகளில் போட்டி கடுமையாக இருந்தது. ஆள் நிரம்பும் வரை பேருந்து புறப்படாது. புறப்பட்டபின் முன்னே போகும் வண்டியை முந்தி அடுத்த ஊர் ஆட்களை அள்ளிக்கொள்ளப் பார்க்கும். ஓட்டுநருடைய நாள் எப்போது முடியும் என்பதைக் கடிகாரம் முடிவு செய்யவில்லை. பயணிகளின் கூட்டம் முடிவு செய்தது.

இந்த நிலையில் 1930ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஒரு சாலைப் போக்குவரத்துச் சட்டம் நிறைவேறியது. அதன் 19ஆம் பிரிவு இத்துறையில் ஒரு திருப்பம். பேருந்து ஓட்டுநர் தொடர்ந்து ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. இருபத்துநான்கு மணி நேரத்தில் மொத்தம் பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. தொடர்ச்சியாகப் பத்து மணி நேர ஓய்வு அவருக்குக் கிடைக்க வேண்டும். இந்த எண்களைவிட என் மனத்தைக் கவர்வது அச்சட்டத்தின் வாசக அமைப்பு. இந்த வரம்பைத் தாண்டி ஓட்டுவது குற்றம். தம் ஆணைக்கு உட்பட்ட ஒருவரை அவ்வாறு ஓட்டச் செய்வதும், ஓட்ட விடுவதும் குற்றம். ஓட்டச் செய்தவர் என்ற ஓர் ஆள் அங்கேதான் முதன்முதலாகச் சட்டத்தின் கண்ணுக்கு நன்றாகப் புலப்பட்டார்.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த வாசகம் இந்தியாவுக்கும் வந்தது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வண்டிச் சட்டம் அளவில் பெரியது. வழித்தட உரிமம், வட்டாரப் போக்குவரத்து ஆணையம், மூன்றாம் தரப்பினருக்கான காப்பீடு என்று இன்று நமக்குப் பழகிப்போன பலவும் அதிலிருந்து வந்தவையே. பயணிகள் வண்டியையும் சுமை வண்டியையும் ஓட்டுவதற்கு வயது இருபது ஆயிற்று. அதன் 65ஆம் பிரிவு, தம்மிடம் வேலை செய்யும் ஓட்டுநரை அரைமணி நேர ஓய்வின்றி ஐந்து மணிக்கு மேல் எவரும் ஓட்டச் செய்யலாகாது என்றது. நாளொன்றுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு ஐம்பத்துநான்கு மணி என்று உச்ச வரம்பும் கட்டியது. அதே 1939ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழில் மாநாடும் சாலைப் போக்குவரத்துத் தொழிலாளருக்கென ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அங்கும் தொடர்ந்து ஓட்டுவதற்கு ஐந்து மணிதான் எல்லை. செப்டம்பரில் போர் மூண்டது.

போர்க்காலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து பேருந்துகள் கரி வாயுவில் ஓடின. இதற்கான கருவியை டி. வி. எஸ். நிறுவனமும் செய்து கொடுத்தது. வண்டியோடு ஓர் உலை இணைந்திருக்கும். புறப்படுமுன் கரியிட்டு மூட்டிக் காற்று ஊதி வாயு பிறக்கும் வரை காத்திருக்க வேண்டும். இடையிடையே கிளறிச் சாம்பல் தள்ள வேண்டும். பயணிகளுக்கு ஆறு மணிக்குப் புறப்படும் வண்டி, அதனைச் சேர்ந்த ஆட்களுக்கு அதற்கு நெடுநேரம் முன்பே புறப்பட்டுவிடும். வண்டி ஓடாத நேரமும் உழைப்பு நேரமே என்ற உண்மை அந்த உலையடியில் வெளிச்சமாயிற்று என்று சொல்லத் தோன்றுகின்றது.

களைப்பு என்பது வெறும் சோம்பலா, அளந்து காட்டக்கூடிய ஒன்றா என்ற ஐயமும் அந்தப் போரினாலேயே ஓரளவு தீர்ந்தது. ரேடார்த் திரையை உற்று நோக்கிக்கொண்டிருந்த வீரர்கள், நேரம் செல்லச் செல்லத் திரையில் தோன்றும் குறிகளைக் காணத் தவறினார்கள். நார்மன் மாக்வொர்த் என்னும் உளநூல் அறிஞர் இதை ஆராய்ந்தார். ஒரு கடிகார முகத்தில் முள் ஒவ்வொரு படியாக நகரும். எப்போதாவது ஒருமுறை இரண்டு படி தாவும். தாவலைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் நடத்திய இச்சோதனையில், முதல் அரைமணி நேரம் கடந்தவுடனேயே தவறுகள் மிகுந்துவிட்டன. இதனை அவர் 1948ஆம் ஆண்டில் வெளியிட்டார். சோதனைக்கு வந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். பயிற்சி பெற்ற இளைஞர்கள். ஒரே சீரான நேர்ச்சாலையில் இரவு இரண்டு மணிக்குப் பேருந்தை ஓட்டுபவர் பார்ப்பதும் ஏறக்குறைய இப்படிப்பட்ட கடிகாரத்தைத்தான். வெகுநேரம் ஒன்றும் நேராது. பிறகு திடீரென விளக்கில்லாத மாட்டுவண்டி ஒன்று நிற்கும்.

இங்கே மற்றோர் ஆராய்ச்சியையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம். இலண்டன் இரட்டைத்தட்டுப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் ஒப்பிட்டு ஆராய்ந்து 1953ஆம் ஆண்டில் வெளியிட்டார். நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட, நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களுக்கே மாரடைப்பு நோய் மிகுதியாக வந்தது. ஒரே வண்டி, ஒரே புகை, உட்கார்ந்த இடம் வேறு.

விடுதலை பெற்ற ஆண்டான 1947இல் சென்னை நகரில் அரசே பேருந்து நடத்தத் தொடங்கிற்று. 1972ஆம் ஆண்டில் பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. மற்ற வட்டாரங்களிலும் கழகங்கள் தோன்றின. இவற்றுக்கு நடுவே, 1961ஆம் ஆண்டில், நாடாளுமன்றம் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தச் சட்டத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பேருந்துப் பணியை நன்கு அறிந்தவர் எவரோ அருகில் இருந்து எழுதச் செய்ததுபோல அது அமைந்திருந்தது.

நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்பது அதன் பொது விதி. தொலைதூர வழித்தடங்களுக்குப் பத்து மணி வரை இடம் கொடுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு பழையபடியே இருந்தது. ஆனால் எட்டு மணி என்றால் எந்த எட்டு மணி? சக்கரம் சுழலும் நேரம் மட்டுமா? அல்ல. வண்டியை ஏற்பதும், கொண்டுவந்து கொட்டகையில் விடுவதும், பதிவேட்டில் கையெழுத்திடுவதும், பணத்தைக் கட்டிக் கணக்கை ஒப்படைப்பதும் வேலையே என்று சட்டம் வகுத்தது. பேருந்து கடைசி நிறுத்தத்தில் நிற்கும் நேரத்துக்கும் ஒரு நுட்பமான விதி செய்தது. அங்கே சும்மா நிற்பது பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அதுவும் வேலை நேரமே. காரணம் வெளிப்படை. பதினான்கு நிமிடத்தில் ஒருவர் இறங்கி, முகம் கழுவி, ஒரு தேநீர் குடித்துத் திரும்புவதற்குள் அடுத்த நடைக்கு மணி அடித்துவிடும். அதனை ஓய்வு என்று சொல்ல அச்சட்டம் உடன்படவில்லை.

மேலும் ஒரு விதி. வேலையைக் காலையில் ஒரு பகுதி, மாலையில் ஒரு பகுதி என்று பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் இரண்டு பகுதிகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது. முதல் பகுதியின் தொடக்கத்திலிருந்து கடைசிப் பகுதியின் முடிவு வரை பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இது ஏன் வேண்டியிருந்தது? காலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு விட்டு, மாலை நான்குக்குத் தொடங்கி எட்டுக்கு முடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பார்த்தால் எட்டே மணி நேரம். ஆனால் அவர் எழுந்தது நான்கு மணிக்கு. வீடு சேர்வது ஒன்பதுக்கு. பதினேழு மணி நேரம் கழிந்துவிட்டது. ஐந்திலிருந்து எட்டு வரை பதினைந்து மணி நேரம் விரியும் இத்தகைய ஏற்பாட்டைத்தான் பன்னிரண்டு மணி வரம்பு தடுத்தது. 1891ஆம் ஆண்டில் இலண்டன் வண்டியோட்டிகள் போராடிப் பெற்ற அதே பன்னிரண்டு, எழுபது ஆண்டுகளுக்குப் பின் முழு நாளின் வெளிவரம்பாக வந்து நின்றது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குமுன் ஒன்பது மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதும் விதி. 1988ஆம் ஆண்டின் புதிய மோட்டார் வண்டிச் சட்டம் இந்த நேர வரம்புகளையே மேற்கொண்டது. 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தினுள் 1961ஆம் ஆண்டுச் சட்டம் அடங்கியது.

ஒன்பது மணி நேர இடைவெளி போதுமா என்று கேட்டால், அது எங்கே கழிகின்றது என்பதைப் பொறுத்தது என்பேன். இரவுத் தங்கல் வண்டி கடைசிச் சிற்றூரில் போய் நிற்கும். ஓட்டுநரும் நடத்துநரும் பல இடங்களில் அந்த வண்டியின் இருக்கைகளிலேயே படுப்பதை ஊர்மக்கள் அறிவார்கள். கொசு, புழுக்கம், விடியற்காலையில் முதல் பயணியின் குரல். ஏட்டில் அது முழு ஓய்வு. உடம்பில் அது பாதி.

ஐரோப்பாவில் வேறொரு வழி கண்டார்கள். 1970ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பேருந்திலும் சுமை வண்டியிலும் 'டாக்கோகிராப்' என்னும் பதிவுக் கருவியைப் பொருத்த விதி செய்தது. அதனுள் ஒரு வட்டமான காகிதத் தகடு. இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றும். வண்டியின் வேகத்தையும், ஓடிய நேரத்தையும், நின்ற நேரத்தையும் ஊசி அதன்மேல் கீறிக்கொண்டே வரும். தங்களை உளவு பார்க்கின்றது என்று பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் அதனை வெறுத்தார்கள். அவர்கள் சினத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் தகடு முதலாளியையும் உளவு பார்த்தது. நிறுவனம் அத்தகடுகளை ஓராண்டு பாதுகாக்க வேண்டும். ஓட்டுநர் கேட்டால் நகல் கொடுக்க வேண்டும். கண்ணயர்ந்ததற்குச் சாட்சி இல்லாதிருந்த நிலை அப்போதுதான் ஓரளவு மாறியது. இன்று காகிதத்தின் இடத்தை மின்னணு அட்டை பிடித்துக்கொண்டது.

நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விதித் திருத்தத்தால் போக்குவரத்து வண்டிகளுக்கு மணிக்கு 80 கிலோமீட்டர் என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வந்தது. அது வேகத்தை அறியும். ஓட்டுபவர் எப்போது எழுந்தார் என்பதை அறியாது. மேலும் நம் ஊர்களில் தொல்லை பெரும்பாலும் வேகத்தின் உச்சியில் இல்லை, நிமிடங்களில் இருக்கின்றது. தனியார் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சில நிமிட இடைவெளியில் புறப்படும் வழித்தடங்கள் பல. முன்வண்டி இரண்டு நிமிடம் தாமதித்தால் பின்வண்டியின் பயணிகளை அது அள்ளிக்கொள்ளும். வசூலைப் பொறுத்துப் பேட்டா என்றால், அந்த இரண்டு நிமிடம் ஓட்டுநரின் வீட்டுச் செலவைத் தொடும். பேருந்து நிலையத்தில் 'டைமிங்' பற்றி எழும் சண்டையைக் கண்டு நகைக்கின்றவர்கள் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. ஊர்கள் பெருகிச் சாலையில் நெரிசல் மிகுந்த பின்னும், ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பழைய ஓட்ட நேரமே நீடிக்கும் வழித்தடத்தில், நகருக்குள் இழந்த நிமிடங்களை ஓட்டுநர் வெளிச்சாலையில்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கின்றது. அட்டவணையில் ஐந்து நிமிடம் கூட்டி எழுதுவதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை. அது வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் மேசையில் நடக்க வேண்டிய வேலை. வழித்தட உரிமம் பெற்றவர் மனுச் செய்தால் நடக்கும்.